கப்பலடிச் செம்பு

18ஆம் நூற்றாண்டின் மரக்கப்பல்களுக்குக் கடலில் இரண்டு தொல்லைகள். வெப்பக் கடல்களில் அடிப்பலகையைக் கடற்புழு துளைத்துச் சல்லடையாக்கும். கொட்டலசும் பாசியும் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். இரண்டையும் தடுக்க, பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதியில் செம்புத் தகடு பொதிந்தது. மேற்கிந்தியக் கடல்களுக்குப் போய்த் திரும்பிய அதை 1763இல் ஆராய்ந்தபோது, தகடு மூடிய இடங்களில் மரம் பழுதில்லாமல் இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள்தாம் இற்றுப்போயிருந்தன. பல இடங்களில் தகடே கழன்றிருந்தது. தப்பிய சில ஆணிகளின் தலைக்கடியில் பழுப்புக் காகிதத் துணுக்குகள் தென்பட்டன. பட்டறைக்குத் தகடு சுற்றி வந்த காகிதம் அது. யாரோ அதை முழுதாகக் கிழிக்காமல் ஆணி அடித்த அசட்டை, அந்த ஆணிகளைக் காப்பாற்றியிருந்தது.

கடல்நீரில் இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது புரிந்தது, காரணம் புரியவில்லை. 1780களில் இரும்பாணிகளின் இடத்துக்குச் செம்புக்கலவை ஆணிகள் வந்தன. விளக்கத்துக்கான வழியை 1800இல் வோல்டா தன் மின்னடுக்கால் திறந்தார். உப்புநீர் ஒரு மின்பகுளி. அதில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது மின்கலம். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் இரும்புக்கு −0.44 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட். (கடல்நீரில் இந்த எண்கள் மாறும், இவ்விரண்டின் வரிசை மாறாது.) எலக்ட்ரானை எளிதில் விடும் இரும்பு ஆனோடாகி, அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் செம்புக்குப் போய், அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை ஹைட்ராக்சைடு அயனியாக ஒடுக்குகின்றன. பரப்பளவும் இங்கே முக்கியம்: பரந்த தகடு முழுவதும் கேத்தோடாக நிற்க, அதற்கு வேண்டிய எலக்ட்ரான்களைச் சின்னஞ்சிறு ஆணியே தர வேண்டியிருந்தது. காகிதம் செய்ததெல்லாம் எலக்ட்ரானின் பாதையை அறுத்ததுதான்.

ஆணிச் சிக்கல் தீர்ந்தபின் செம்பின் தேய்மானம் கண்ணை உறுத்தியது. தகடும் கடலில் மெல்லக் கரைந்தது. மாற்றுவதற்குச் செலவு அதிகம். 1823இல் கடற்படை ராயல் சொசைட்டியை நாடியது. அதன் தலைவர் ஹம்ப்ரி டேவி, 1807இல் மின்னாற்பகுப்பால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தவர். ஆணியைத் தின்ற வினையையே அவர் காவலாக்கினார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அது கரையும், செம்பு தங்கும். பட்டாணி அளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காப்பதை ஆய்வகத்தில் கண்டு, 1824இல் அறிவித்தார். 'சமராங்' கப்பலில் செம்புப் பரப்பில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு வார்ப்பிரும்பு பொருத்தப்பட்டது.

கணிப்பு பலித்தது, செம்பு கரையவில்லை. ஆனால் காவல் பெற்ற கப்பல்களில் பாசியும் கொட்டலசும் அப்பின. சமராங் பற்றிப் பத்திரிகைகளில் வந்த அப்படியொரு செய்தியை டேவி மறுத்தார். மற்றக் கப்பல்களைப் பற்றி மறுக்க வழியில்லை. உயிரிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது செம்புத் தகடல்ல, அதிலிருந்து கரைந்து வந்த நச்சுச் செம்பு அயனிகள். போதாததற்கு, கேத்தோடில் பெருகிய ஹைட்ராக்சைடு கடல்நீரின் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் வெண்படிவாக்கி, ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான தளமும் கொடுத்தது. கடலோடும் கப்பல்களிலிருந்து இந்தக் காவல் உலோகங்களை நீக்கும்படி 1825இலேயே உத்தரவாயிற்று. வேதியியல் தவறாமலே ஒரு கண்டுபிடிப்பு தோற்றது இப்படித்தான்.

கப்பலின் உடல் எஃகானபோது டேவியின் முறைக்கு உரிய இடம் கிடைத்தது. எஃகை அரிமானத்திலிருந்து காக்க இன்றும் கப்பலடியில் துத்தநாக, அலுமினியக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. உயிரிகளைத் தடுக்கும் வேலை குப்ரஸ் ஆக்சைடு கலந்த வண்ணப்பூச்சுக்குப் போய்விட்டது. செம்பு எஃகை அரித்துவிடாதபடி இரண்டுக்கும் இடையே தடுப்புப் பூச்சு ஒன்று அடிக்கப்படுகிறது.