கூழும் கல்லும் ஊரவையும்

தமிழர் வீர வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வேந்தரின் வாளையும் வேலையுமே எண்ணிச் சென்றனர். ஊதியம் கருதாது, பகையும் இன்றித் தன் ஊரார் முன்னிலையில் தன் வலியை அளந்து காட்டும் பொருட்டே பாரம் எடுத்த உழவன் அவர்தம் கண்ணிற் படவில்லை. அவன் என்ன உண்டான், எங்ஙனம் பயின்றான், அவன் வென்றான் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மூன்றனுள்ளும் இறுதி வினாவே தலைமையானது என்பது எம் துணிபு. உணவும் பயிற்சியும் ஒருவன் உடம்பை ஆக்கும். அவ்வுடம்பின் வலியைப் போட்டியாக ஆக்குவது ஊர்.

இவ்வினாக்களை நாம் கொண்டு செல்லக் கருதும் நிலம் சின்னசேலம் வட்டாரம். சேலத்தையும் விருத்தாசலத்தையும் இணைக்கும் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர், 2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. வடமேற்கே கல்வராயன் மலை. அம்மலைத் தொடருக்கு வடபால் மலைபடுகடாத்தின் தலைவன் நன்னனுக்குரிய செங்கண்மா, இன்றைய செங்கம், உள்ளது. இந்நிலத்துள் புகுமுன், உறையூர்ச் சோழர் குடியினன் ஒருவனது மற்போரை நாம் காணல் வேண்டும். வலிமைப் போட்டியை ஊர் கூடிக் கண்ட காட்சி அதன்கண் விளங்க அமைந்திருத்தலே காரணம்.

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்றும் பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் பாடியவை. முதற்பாடலில் கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வெல்கிறான். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறுகாலால் பகைவனது சூழ்ச்சியை விலக்கி, மூங்கிலை முறிக்க முயலும் பசித்த யானைபோலத் தலையும் அடியும் ஒடிய மோதுகிறான் எனப் புலவர் கூறுவது, பிடியின் முறையை அறிந்தார் ஒருவரின் கூற்றாகவே தோன்றுகிறது. வெறும் புகழ்ச்சியாயின் மலையையோ இடியையோ உவமை கூறியமைந்திருப்பார். கால் எங்கே நின்றது என்று சொல்லியிரார்.

82ஆம் பாடலின் உவமை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஊரில் விழா வந்துவிட்டது, மனைவிக்கோ பேறுகாலம், மழை பெய்கிறது, ஞாயிறு சாய்கிறது. இந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளி ஒருவனது கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவிற்று அப்போர். அரசகுமரனது வன்மைக்கு அளவுகோல் கூலித் தொழிலாளியின் கை. ஆயினும் அத்தொழிலாளியைப் புலவர் இழிகுலத்தான் என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றார். உழைப்பின் திறத்தைக் கடன் வாங்கிய மன்றம், உழைத்தவனுக்கு அதனுள் இடம் தந்ததா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. பிற்கால விளையாட்டு வரலாறு எழுதுவோரும் இதனை ஒதுக்கிச் செல்லல் ஆகாது.

இனி நக்கண்ணையார் பாடல்கள். 83ஆம் பாடலில் அவர் தாயை அஞ்சுகிறார், அவையை நாணுகிறார், தம்மைப் போலவே இரு பக்கமும் இழுபட்டு நிற்கும் ஊரைக் கண்டு அதுவும் நடுங்குக என்கிறார். 85ஆம் பாடலில் அவ்விருபாற் பிரிவின் காரணம் வெளிப்படுகிறது. கிள்ளிக்கு அது சொந்த ஊரும் அன்று, நாடும் அன்று. ஆதலின் வெற்றி அவனது என்பார் ஒரு சாரார். அன்று என்பார் மற்றொரு சாரார். தலைவியோ சிலம்பொலிக்க ஓடிவந்து, தன் மனையிடத்துப் பனையைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தானே காண்கிறாள். வெளியூரான் ஒருவன் வந்து மோதும்போது ஊரார் பிளவுபடுதலும், நடுவர் சொல்லை நம்பாது நேரிற் கண்டோர் சான்றாதலும் இன்றைய எந்தப் போட்டிக் களத்திலும் காணத்தக்கன.

84ஆம் பாடலே உணவு பற்றியது. தன் தலைவன் கூழுண்டும் பெரிய தோளுடையன் என்கிறாள் நக்கண்ணை. தந்தையொடு பகைத்து நாடிழந்த கிள்ளி வறுமையால் கூழுண்டான் எனக் கொள்வர். இக்கூற்றை எடுத்துக்காட்டிப் பண்டைத் தமிழ் மறவரின் ஆற்றலுக்குக் கூழே காரணம் என மேடைகளிற் பேசுவோர் உளர். பாடலின் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. 'உண்டும்' என்பதன்கண் உள்ள உம்மை இழிவு சிறப்பும்மை. கூழ் தோளை வளர்த்தது என்பது கருத்தன்று. கூழையே உண்டபோதும் தோள் குன்றவில்லை என்பதே கருத்து. அடுத்து அவள் தன் நிலை கூறுகிறாள்: புறத்தே நின்றிருந்தும் தன் மேனி பொன்போற் பசந்தது. வறிய உணவுண்டவன் தோள் பருத்தான். உணவுக் குறைவில்லாதவள் மெலிந்தாள். இம்முரணுக்காக வந்த உம்மையை உணவு விதியாகக் கொள்ளுதல் பாட்டுக்கும் பொருந்தாது, மருத்துவத்துக்கும் பொருந்தாது.

பொருநனுக்கு உரிய உணவு எனச் சங்கப் புலவர் எண்ணியது வேறு. பொருநராற்றுப்படையில் அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறியின் தொடையிறைச்சியும் சுட்ட ஊனும் வருகின்றன. அவற்றை இரவும் பகலும் தின்றமையால், கொல்லை நிலம் உழுத கொழுப்போலப் பல் தேய்ந்தது என்கிறது அந்நூல். (அங்குப் பொருநன் என்பான் களத்தில் வேடமிட்டுப் பாடும் கலைஞன், மற்போர் செய்வானுக்கும் அப்பெயர் வழங்கியமை அறியத்தக்கது.) மலைபடுகடாத்தில் கூத்தர் மலைவழியே செல்லுங்கால் தினைச்சோறும் மூங்கிலரிசிச் சோறும் அவரைவிதையும் காட்டுப்பன்றியின் இறைச்சியும் பெறுகின்றனர். கல்வராயன் மலைக்கு அணித்தாகிய நிலத்தின் உணவுப் பட்டியல் எனவே இதனைக் கொள்ளலாம். தவசமும் பருப்பும் ஊனும் சேர்ந்த அவ்வுணவு இன்றைய உணவியலார் வகுப்பதினின்றும் பெரிதும் வேறுபடவில்லை.

கூழைப் பழித்தற்கும் இடமில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராமும், சாமையில் 10 கிராமும், கேழ்வரகில் 7 கிராமும், கொள்ளில் 22 கிராமும் புரதம் உள்ளது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். வலிமைப் பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதும் என்பது இன்றைய ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு. 60 கிலோகிராம் எடையுள்ள உழவனுக்கு அது 96 கிராம். அரைக் கிலோகிராம் கம்பும் 100 கிராம் கொள்ளும் 77 கிராம் தரும். எஞ்சியதை மோரோ கருவாடோ முட்டையோ நிரப்பியாக வேண்டும். ஆக, கூழ் அடித்தளம், அதுவே வீடாகாது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் பழமொழி இதனை நன்கறிந்தோர் வாய்மொழி. எள்ளின் எண்ணெய்ச் சத்து உடம்பைப் பெருக்கும். கொள்ளு அதனை இறுக்கும் என்பது அவர்தம் கொள்கை.

அரண்மனை மல்லர் நிலை வேறு. முதலாம் நரசிம்மவர்மன் (630-668) மாமல்லன் எனப் பெயர் பூண்டான். மாமல்லபுரம் அப்பெயரால் வழங்குகிறது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடநூல், மல்லரை வகைப்படுத்தி, அவர்க்கு ஊனும் பாலும் தயிரும் நெய்யும் பருப்பும் அரசன் செலவில் அளிக்கப்படுவதையும், பாரம் தூக்கல், நீந்தல், தூணிற் பயிலல் ஆகிய பயிற்சிகளையும் விரித்துரைக்கிறது. பயிற்சி முறையில் அது செவ்விய நூலே. ஆயினும் அங்கே மல்லன் அரசனது பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படுபவன். அவன் தோள் அவனுடையதன்று.

ஊரின் வலிமை மரபு நமக்குக் கிடைப்பது இளவட்டக்கல்லில். இச்சொல் சங்க நூல்களில் இல்லை. ஆதலின் கிள்ளியின் மற்போருக்கும் இக்கல்லுக்கும் நேர்வழித் தொடர்பு கற்பித்தல் தகாது. இரண்டிலும் ஊரே அவையாக அமைதல் மட்டும் பொது. இளந்தாரிக்கல், கல்யாணக்கல் என்றும் இதற்குப் பெயருண்டு. கல்லைத் தூக்கினார்க்கே பெண் கொடுத்தனர் என்னும் செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. பெயர் அதற்கு ஒருவாறு துணை நிற்பினும், உறவுமுறையும் நிலவுடைமையும் பார்த்து மணம் முடித்த ஊர்களில் ஒரு கல் மட்டும் மணமகனைத் தேர்ந்தது எனக் கொள்வது மிகையே. தூக்கியவன் பெயர் ஊரில் உலவிற்று. அப்பெயர் மணப்பேச்சிலும் உதவிற்று என்பது வரை கொள்ளலாம்.

கல்லின் வடிவே அதன் கடுமை. உருண்டு வழுவழுத்த கல்லுக்குக் கைப்பிடி இல்லை. குந்தி அமர்ந்து இரு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்றி, மூச்சைக் கட்டி, இடுப்பை முன்தள்ளி நெஞ்சுக்குக் கொணர்ந்து, பின் தோளில் ஏற்றிப் புறத்தே எறிதல் வேண்டும். கையின் வலியினும் இடுப்பின் வலியும் முன்கையின் இறுக்கமும் மிகுதியாக வேண்டப்படும். இவற்றைத் தந்தது தனிப்பயிற்சி அன்று. ஏற்றம் இறைத்தலும் கவலை ஓட்டுதலும் மூட்டை சுமத்தலும் ஆம். கர்லாக்கட்டை சுழற்றினோர் தோளுக்கு மேலும் உறுதி சேர்த்தனர். போட்டி பெரிதும் தைப்பொங்கலை ஒட்டி நிகழ்தல் தற்செயல் அன்று என்பது எம் கருத்து. அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பிய காலம் அது. மாதக்கணக்காக உழைத்த உடம்பு சில நாள் ஓய்வும் நிறைந்த உணவும் பெறுகிறது. பயிற்சியாளர் இன்று போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைத்து உணவைக் கூட்டுவதை, உழவர் நாட்காட்டி தானே செய்து முடித்தது.

பிறநாட்டு ஒப்புமை ஒன்று இவ்விடத்துப் பயன்படும். ஐசுலாந்தின் மேற்குக் கரையில் மீனவர் தூக்கிய நான்கு கற்கள் இன்றும் உள்ளன. முழுவலியன், அரைவலியன், அரைப்பங்கினன், மெலியன் எனப் பொருள்படும் பெயருடைய அவற்றின் எடை முறையே 154, 100, 54, 23 கிலோகிராம். குறித்த கல்லைத் தூக்கமாட்டாதவன் படகிற் சேர்க்கப்படான். அங்குக் கல் வேலைக்குத் தேர்வு. இங்குக் கல் விழாவுக்கு அணி. வேலைக்கான பாரத்துக்கு நம்மவர் வேறொரு கல் நட்டனர்: வழிநெடுகிலும் உள்ள சுமைதாங்கிக்கல். தலைச்சுமைக் கூலியாள் பாரத்தை இறக்கி வைக்க அது உதவிற்று. அவன் சுமந்த எடை எந்த விழாவிலும் எண்ணப்படவில்லை. 82ஆம் பாடலின் கட்டில் பின்னுவோனை இங்கு மீண்டும் காண்கிறோம்.

20ஆம் நூற்றாண்டில் அளவுகோல் மாறிற்று. 1901இல் இலண்டனில் உடலழகுப் போட்டி நடத்திய யூசென் சாண்டோ 1904-05இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயரே தமிழில் பட்டமாயிற்று; கோவையில் உடற்பயிற்சியால் பெயர் பெற்றுத் திரைப்படத் துறை புகுந்த சின்னப்பா தேவர் (1915-1978) 'சாண்டோ' என்றே அறியப்பட்டார். கையில்லாப் பனியனுக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது வேடிக்கை. உடற்பயிற்சிச் சாலையில் இரும்புத் தண்டும் கண்ணாடியும் வந்தபின், ஒருவன் ஊரில்லாமலும் வலியனாகலாம் என்னும் நிலை பிறந்தது. தொலைக்காட்சிக்கென 1977இல் அமெரிக்காவில் தொடங்கிய உலக வலுவோர் போட்டி, 1986 முதல் உருண்டைக் கற்களை ஏற்றுக்கொண்டது. இரும்பிலே தொடங்கிக் கல்லுக்குத் திரும்பியது அது. தொழில்முறை அல்லாத வலுவோர் குழுக்களும் இன்று பல நாடுகளில் இத்தகைய கற்களைத் தூக்கிப் பயில்கின்றன. தமிழகத்திலோ கல் அறவே மறையவில்லை. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல்தோறும் இளவட்டக்கல் போட்டி நடைபெறுகிறது. நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட கல்லும் தூக்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் பெண்டிரும் களம் புகுகின்றனர். பனையைச் சார்ந்து நின்று பார்த்த நக்கண்ணை வழியினர் இன்று களத்தின் நடுவே நிற்கின்றனர்.

இனிச் சின்னசேலம். மலைமேல் மலையாளிப் பழங்குடியினர் (மலையை ஆள்வோர் என்னும் பொருளது இப்பெயர், கேரளத்தாரைக் குறியாது) சாமையும் கேழ்வரகும் விளைத்தனர். அடிவாரத்தில் இன்று கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் மிகுதி. கம்பங்கூழ் உண்டு கல் தூக்கிய தலைமுறையின் நினைவு முதியோரிடம் இருக்கும்வரையே அதனைக் கேட்டறிய முடியும். முதுகலை மாணவர் இவ்வட்டாரத்தை ஊர் ஊராகச் சென்று ஆய்தல் வேண்டும். கோயில் முகப்பிலும் மந்தையிலும் உருண்டைக் கல் காணப்படின், அதனை ஊரார் அழைக்கும் பெயர், தூக்கியோர் பெயர், எத்திங்களில் தூக்கினர், அன்று என்ன உண்டனர், தோற்றவனுக்கு என்ன கிடைத்தது என்பவற்றை எழுதிக்கொள்க. அக்கல்லை எச்சாதியார் தொடலாம், எவர் தொடலாகாது என்பதையும் நாணாமற் கேட்க. அவ்வினாவை விட்டுத் தொகுக்கப்படும் செய்தி பாதிச் செய்தியே.

எடையறியத் தராசு தேவையில்லை. கருங்கல்லின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். கல் நன்கு உருண்டதாயின், அதன் நடுச்சுற்றளவை நூலால் அளந்தாலே போதும். 130 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கல் ஏறத்தாழ 100 கிலோகிராம். 140 சென்டிமீட்டராயின் 125 கிலோகிராம். பத்துச் சென்டிமீட்டரில் கால் பங்கு எடை கூடுதலின், நூலை நெகிழவிடாது இறுக்கிப் பிடித்து, இரு திசையிலும் இருமுறை அளத்தல் வேண்டும். சாலைக்கும் மேடைக்கும் காரை பூசும்பொழுது பாதி மண்ணுள் புதைந்துவிட்ட கல்லாயின், வெளியே தெரியும் வளைவைக் கொண்டு கணக்கிடுதல் பிழைபடும். ஊராரின் இசைவு பெற்றுச் சுற்றிலும் தோண்டி அளத்தலே முறை.