பச்சை, மரகதம், ஜேட்: சீனப் பௌத்தச் சிற்பக் கல்லின் பெயரும் தமிழ் மொழிபெயர்ப்பும்

சீன நாட்டின் பழைய ஜேட் சிற்பங்களுள் புத்தர், அவலோகிதேசுவரர், அருகத்தர் ஆகியோரின் உருவங்கள் அமைந்தவை பல. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதவோ பட்டியலிடவோ முற்படுபவர் முதற்சொல்லிலேயே தடைப்படுவர். அக்கல்லை மரகதம் என்பதா, பச்சைக்கல் என்பதா, ஜேட் என ஒலிபெயர்ப்பதா என்பதே அத்தடை. மூன்றும் இன்று எழுத்து வழக்கில் உள்ளன. ஒரே கட்டுரையில் மூன்றும் மாறிமாறி வருவதும் உண்டு. இதனை நடை பற்றிய விருப்பமாகக் கொண்டு விட்டுவிட இயலாது. முதலிரு சொற்களும் கல்லின் வரலாற்றையே வேறாக்கிவிடுகின்றன.

இச்சிக்கலின் வேரைக் காணச் சித்தூர், திருப்பதிப் பகுதியின் இருமொழி வழக்கு ஏற்ற களமாகும். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் எல்லைச் சீரமைப்பின்போது திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லை இவ்வாறு மாறியபோதும் தமிழும் தெலுங்கும் இங்கு ஒரே கடைத்தெருவில் வழங்கி வருகின்றன. தமிழின் 'பச்சை'யும் தெலுங்கின் 'பச்ச'வும் ஒரே வேரின. ஆயினும் அவை சுட்டும் நிறப்பரப்பு ஒன்றன்று. தெலுங்கில் 'பச்ச' மஞ்சளையும் பசுமையையும் ஒருங்கே தழுவும். வேறுபடுத்த வேண்டியபோது 'ஆகுபச்ச' என இலையையோ, 'பசுபுபச்ச' என மஞ்சளையோ அடையாகச் சேர்ப்பர். தமிழர் மஞ்சள் காமாலை என்னும் நோயைத் தெலுங்கர் 'பச்ச காமெர்லு' என்பது இதற்குத் தெளிவான சான்று. இரு மொழியும் அறிந்த சித்தூர்க்காரர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பாராமலே நாள்தோறும் கடந்து செல்கிறார்.

நகைத்தொழிலில் இச்சொல் மேலும் ஒரு படி செல்கிறது. தெலுங்கில் 'பச்ச' என்றாலே மரகத மணியைக் குறிக்கும். தமிழ்ப் பொற்கொல்லரும் அம்மணியைப் 'பச்சை' என்றும், செம்மணியைக் 'கெம்பு' என்றும் கூறுவர். கெம்பு என்பதும் செந்நிறம் குறித்த வேரினின்று வந்ததே. ஆகவே இவ்விடத்தில் நிறமே மணியின் பெயராகிவிடுகிறது. திருமலைக் கோயில் அணிகலன்களுள் பேசப்படும் பெரிய பச்சை மணி 'கருட மேரு பச்ச' என வழங்குகிறது. கருடன் தொன்மத்தையும், மேரு பருமையையும், பச்ச நிறத்தையும் உணர்த்துகின்றன. இவற்றுள் கருடன் புதிதாக ஒட்டிய அடையன்று. அமரகோசம் மரகதத்திற்குத் தரும் பெயர்களுள் காருத்மதம் ஒன்று. அது கருடனோடு தொடர்புடையது என்னும் பொருளது. மரகதம் என்னும் சொல் கிரேக்கத்தின் ஸ்மாரக்தோஸ் என்பதற்கு உறவுடையது. இரண்டிற்கும் பின்னே ஒளிர்தலைக் குறிக்கும் செமித்திய வேர் ஒன்று இருத்தல் கூடும் என்பர். வணிக வழியில் வந்த சொல் தொன்ம ஆடை புனைந்து, பின் உள்ளூர் நிறப்பெயரோடு கலந்தது எனலாம்.

இதனால் தென்னாட்டார் கற்களை நிறத்தால் மட்டுமே அறிந்தனர் என முடிவு கட்டுதல் தவறு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் முத்தை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனப் பலவாறு பிரித்து எண்ணுகின்றன. வயிரத்தின் விளிம்பும் தட்டையும் தனித்தனிச் சொற்களால் குறிக்கப்படுகின்றன. சாமவை என்னும் அரசமாதேவி 966இல் திருமலைக்கு அளித்த கொடையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டும் அணிகளைப் பட்டியலிட்டே பேசுகிறது. கையில் வந்து எடைபோடப்பட்ட பொருளுக்குச் சொல் இருந்தது. ஜேட் தென்னாட்டுக் கருவூலங்களுக்குப் பழக்கமான கல் அன்று. ஆகவே அதற்குச் சொல்லும் தேவைப்படவில்லை. வடக்கே முகலாயர் அவைக்கு மைய ஆசியாவிலிருந்து அக்கல் வந்தபோது 'யஷ்ம்' என்னும் பாரசீகச் சொல்லும் உடன் வந்தது. ஐதராபாத்து சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சகாங்கீர், நூர்ஜகான் ஆகியோருடையவை எனக் காட்டப்படும் கத்திகளின் கைப்பிடி அக்கல்லால் ஆனது. அச்சொல் தமிழ் வரை இறங்கவில்லை.

சீனத்தின் 'யூ' என்னும் சொல் இதற்கு நேர்மாறான பாங்குடையது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீனச் சொற்பொருள் நூலாகிய சுவோவென், யூவை ஐந்து நற்பண்புகளுடைய அழகிய கல் என விளக்குகிறது. நிறம் அவ்விளக்கத்தில் இல்லை. பளபளப்பின் இதம், ஒளி ஊடுருவும் தன்மை, தட்டினால் எழும் ஒலி, வளையாத உறுதி ஆகியவையே அளவுகோல். சீனர் நெடுங்காலம் கையாண்டது நெஃப்ரைட் என்னும் வகை. அதன் சிறந்த ஊற்று கோத்தான் நாட்டு ஆறுகள். அங்குக் கிடைத்தவற்றுள் ஆட்டுக் கொழுப்பை ஒத்த வெண்ணிறக் கல்லே மிக உயர்ந்ததெனப் போற்றப்பட்டது. இன்று பலர் ஜேட் என்றவுடன் நினைக்கும் ஒளிர்பச்சைக் கல் ஜேடைட் என்னும் வேறு கனிமம். பர்மாவிலிருந்து அது சீனத்திற்குப் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்குச் சீனர் இட்ட 'ஃபெய்சுய்' என்னும் பெயர் மீன்கொத்திப் பறவையினுடையது. இவ்விரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என பிரெஞ்சு வேதியியலார் அலெக்சிஸ் தாமூர் 1863இல் நிறுவினார். ஆக, வெண்ணிற நெஃப்ரைட்டில் அமைந்த குவான்யின் உருவத்தை மரகதச் சிற்பம் எனத் தமிழில் எழுதுபவர் இருமடங்கு பிழை செய்கிறார். கல்லும் அதுவன்று, நிறமும் அதுவன்று.

ஐரோப்பியச் சொற்களும் தெளிவானவை அல்ல. ஜேட் என்பது விலாப்பக்க நோவைத் தீர்க்கும் கல் என்னும் பொருளுடைய இசுபானியத் தொடரின் சிதைவு. நெஃப்ரைட் என்பது சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. அமெரிக்கப் பழங்குடியினரின் மருத்துவ நம்பிக்கை ஒன்று இவ்வாறு சீனக் கல்லுக்கு உலகப் பெயராகியது. எனினும் இப்பெயர்களுக்கு இன்று வரையறுத்த கனிமப் பொருள் உண்டு என்பதே மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டுவது.

பௌத்தம் சீனத்துள் புகுந்தபோது கற்பெயர்களின் மொழிபெயர்ப்பு எளிதாக அமையவில்லை. குமாரசீவர் 402இல் மொழிபெயர்த்த அமிதாப சூத்திரத்தில் எழுமணிகள் கூறப்படுகின்றன. பொன், வெள்ளி, வைடூரியம், படிகம் என அப்பட்டியல் செல்கிறது. சீனர் எல்லாவற்றினும் மேலாக மதித்த யூ அதில் இடம்பெறவில்லை என்பது வியப்பளிக்கும். மொழிபெயர்ப்பாளர் நினைத்திருந்தால் ஏதேனும் ஒரு மணிக்குப் பதிலாக யூவை இட்டிருக்கலாம்; இடவில்லை. அஸ்மகர்ப்பம் என்பது அமரகோசத்தில் மரகதத்தின் பெயர். சீன வழக்கில் அதன் இடத்தில் நிற்பது அகேட் கல். அதன் பெயரைப் பழஞ்சீனர் 'குதிரை மூளை' எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதினர். கல்லைக் குறிக்கும் 'அஸ்ம' என்பதைப் பிராகிருத வடிவில் குதிரையைக் குறிக்கும் 'அஸ்வ' எனக் கொண்டமையால் விளைந்த மயக்கம் இது என விளக்குவர்.

வைடூரியத்தின் கதை தமிழருக்கு நெருக்கமானது. பிராகிருதத்தின் 'வேளுரிய' என்பதற்குத் திராவிட மூலம் உண்டெனப் பலர் கருதுகின்றனர். வேளூர் போன்ற ஊர்ப்பெயரோடு இணைப்பாரும் உளர். கொங்குநாட்டுப் படியூர்ப் பகுதியில் கிடைத்த பெரில் கற்களை உரோம வணிகர் விரும்பினர் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. இச்சொல் மேற்கே சென்று 'பெரில்' ஆயிற்று. கிழக்கே சென்று சீனத்தில் 'லியூலி' ஆகி, நாளடைவில் கண்ணாடியையும் மெருகோட்டையும் குறிக்கலாயிற்று. தமிழில் வைடூரியம் இன்று பூனைக்கண் கல்லைக் குறிக்கும். சீனத்து மருத்துவ புத்தரின் பெயரில் 'லியூலி ஒளி' என வருவதைத் தமிழில் பெயர்ப்பவர் வைடூரியம் எனச் சொல்வழி எழுதலாம். ஆனால் வாசகர் பூனைக்கண்ணை நினைப்பார், மூலநூலோ நீலம் தோய்ந்த தெளிந்த மணியை நினைக்கிறது. மரகதமும் பெரில் இனமே என்பது இக்குழப்பத்தின்மேல் மற்றொரு சுற்று.

எழுமணிகளில் இடம்பெறாத யூ, பின்னாளில் பௌத்த உருவங்களுக்கு உரிய கல்லாயிற்று. 1759இல் சியான்லாங் பேரரசர் கோத்தான் பகுதியைக் கைப்பற்றியபின் அரண்மனைப் பட்டறைகளுக்குக் கல் தடையின்றி வந்தது. பெருங்கல்லின் இயல்பான வடிவத்தைக் குகையாக விட்டு, அதனுள் அருகத்தர் அமர்ந்திருப்பதாக அமைக்கும் மரபு அக்காலத்தில் செழித்தது. இங்கு 'செதுக்குதல்' என்னும் தமிழ்ச் சொல்லும் சற்றே பொருந்தாது. ஜேட்டின் இழைகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் உளிக்கு அது இடங்கொடாது. கடினமான மணற்பொடியிட்டுச் சுழலும் வட்டுகளால் தேய்த்தே உருவாக்குவர். நம் சாணை பிடித்தலோடு ஒப்பிடத்தக்க வேலை அது. மரகதமோ எளிதில் பிளவுபடும் படிகம். அத்தேய்ப்பைக் குறிக்கும் 'ஜுவோமோ' என்னும் சீனச்சொல் சொல்லையும் பொருளையும் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் என்றும் பொருள்படும். மொழிபெயர்ப்போர் பொறாமை கொள்ளத்தக்க சொல்.

பதினாறு அருகத்தரின் பெயர்ப்பட்டியல் யுவான் சுவாங் 654இல் சீனமாக்கிய நூல்வழி நிலைபெற்றது. அந்நூல் சிங்கள நாட்டு நந்திமித்திரர் உரைத்ததாக அமைந்தது. 1757இல் ஹாங்சோ நகர் மடம் ஒன்றில், குவான்சியூ வரைந்ததாகக் கருதப்பட்ட அருகத்தர் ஓவியங்களைக் கண்ட சியான்லாங், பெயர்களையும் வரிசையையும் திபெத்திய மரபைத் தழுவித் திருத்தினார். வடமொழி ஒலிக்கு நெருக்கமாக எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே அவர் காலத்துச் சிற்பத்தில் பொறித்த பெயரும் யுவான் சுவாங் தந்த பெயரும் வேறுபடலாம். பிண்டோல பாரத்வாசர் போன்ற பெயர்களைத் தமிழில் மீட்டெழுதுவோர் இதனை முதலில் சரிபார்த்தல் வேண்டும்.

இனி இதன் எதிர்த்திசைச் சான்று. கி.பி. 410ஐ ஒட்டி இலங்கையில் தங்கிய பாகியான், அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஏறத்தாழ இரண்டு ஜாங் உயரமுள்ள 'சிங் யூ' படிமத்தைக் கண்டதாக எழுதுகிறார். அன்றைய அளவில் அது ஐந்து மீட்டரை நெருங்கும். படிமத்தின் அருகே வணிகர் ஒருவர் காணிக்கையாக வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டு, ஊர் நினைவு மேலிட்டுக் கண்ணீர் விட்டதாகவும் கூறுகிறார். 'சிங்' பசுமை, நீலம் இரண்டையும் தழுவும் சொல். தெலுங்கின் 'பச்ச' மஞ்சளையும் பசுமையையும் தழுவுவது போன்றது. 'யூ' என்பதோ அழகிய கல்லுக்கு அவர் மொழியில் கிடைத்த உயர்ந்த பெயர். நெஃப்ரைட் இலங்கையின் கல் அன்று. ஆகவே அவர் கூற்றிலிருந்து கல்லின் இனத்தை முடிவு செய்தல் ஆகாது. இத்தொடர் தமிழில் 'மரகதப் படிமம்' ஆகுமாயின் ஐந்து மீட்டர் மரகதம் ஒன்று இலங்கை வரலாற்றில் புதிதாகப் பிறந்துவிடும்.

பாங்காக்கின் மரகத புத்தர் இதன் மறுபக்கம். 66 செ.மீ. உயரமுள்ள அப்படிமம் 1784இல் இன்றைய கோயிலில் நிறுவப்பட்டது. கல் ஜேட் அல்லது ஜாஸ்பர் எனக் கருதப்படுகிறது. 'மொரகோத்' என்னும் தாய் மொழிச் சொல் நம் மரகதமே. அது அங்கு நிறத்தைக் குறித்தது. உத்தரகோசமங்கை மரகத நடராசரின் பெயரையும் இவ்வாறே பக்தி வழக்காகக் கொள்ளல் தகும். இப்பெயர்கள் திருத்தத்தக்கன அல்ல, அவை சிறப்புப்பெயர்கள். அவற்றைக் கனிமச் சான்றாகக் காட்டுவதே பிழை.

யுவான் சுவாங் பெயரால் வழங்கும் ஐவகை 'மொழிபெயராமை'களுள் ஒன்று, தம் நாட்டில் இல்லாத பொருளின் பெயரை ஒலிபெயர்த்தே ஆளுதல். நாவல் மரத்தின் பெயர் அதற்கு எடுத்துக்காட்டு. தமிழுக்கு ஜேட் அத்தகையது. பொதுப்பெயராக ஜேட் என்பதையும், ஆய்ந்தறிந்த இடத்தில் நெஃப்ரைட், ஜேடைட் என்பவற்றையும், நிறத்தை வெண்ணிற, பசுநிற எனத் தனி அடையாகவும் எழுதுதல் நன்று. 'பச்சைக்கல்' என்பதை இப்பொருளில் தவிர்க்கலாம். திருப்பதிக் கடைத்தெருவில் அதற்கு ஏற்கெனவே வேறு பொருளும் விலையும் உண்டு. பாகியான் தொடரைப் பெயர்க்கும்போது மட்டும் 'அவர் யூ எனக் கூறும் பசுநீலக் கல்' என விரித்தெழுத வேண்டும். அங்கு ஜேட் என்னும் சொல்லும் அவர் கூறியதற்கு மேலாகக் கூறிவிடும்.