கெட்டமின், இல்லத்திற் கொள்ளும் முறை

1962இல் அமெரிக்க ரசாயன அறிஞர் கால்வின் ஸ்டீவன்ஸால் ஆக்கப்பெற்று, 1970இல் மயக்க மருந்தாக அந்நாட்டின் அங்கீகாரம் எய்தி, சத்திர சிகிச்சைக் கூடங்களில் நெடுங்காலம் ஊழியம் செய்த இவ்வௌஷதம், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வையும் சில மணி நேரத்தில் தணிக்கவல்லது என்று அறியப்பட்டபின், மேனாட்டார் சிலர் வைத்தியர் சீட்டின்பேரில் அதனை இல்லத்திலேயே கொள்ளத் தலைப்பட்டனர். அவ்வழக்கத்தின் அபாயங்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 அக்டோபரில் எச்சரித்தது. மூக்கில் பீச்சும் எஸ்கெட்டமினுக்கோ, 2019இல் அனுமதித்தபோதே, இரண்டு மணி நேரமேனும் மருத்துவ நிலையக் கண்காணிப்பை அது விதித்திருந்தது.

இந்தியாவில் கெட்டமின், மருந்து விதிகளில் கடுங்கட்டுப்பாட்டுக்குரிய எக்ஸ் அட்டவணை மருந்தாதலின், மயிலாப்பூர் மாடவீதியாயினும் தியாகராய நகராயினும், இரட்டைப் பிரதிச் சீட்டின்றி விற்றல் கூடாது. ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டாண்டு பாதுகாத்தல் வேண்டும். ஆகவே சென்னைவாசிக்கு ஆஸ்பத்திரியே உசிதமான இடம். பின்வருவன பெரும்பாலும் அயல்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கே பயன்படுவன.

மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றுமாதலால் முன்னும் பின்னும் அதனை அளத்தலும், மதுவையும் தூக்க மருந்துகளையும் விலக்கலும், நிதானமுள்ள வயதுவந்த துணைவரொருவர் இறுதிவரை அருகிருத்தலும் அவசியம். நம்மவர் பிரியப்படும் ஊஞ்சல் இதற்கு ஆசனமன்று. தலைசுற்றுங்கால் தரையோடொட்டிய படுக்கையே பத்திரம். மறுநாள்வரை வாகனம் ஓட்டலாகாது. எஞ்சிய மருந்தைப் பூட்டி வைத்தல் வேண்டும். சிறுநீரில் எரிச்சலோ ரத்தமோ தென்படின், தாமதியாது வைத்தியரிடம் சொல்லுக. சித்தப்பிரமை வரலாறுடையோர்க்கும், அடங்காத ரத்த அழுத்தமுடையோர்க்கும் இம்முறை பொதுவாக ஆகாது.