நூலும் பொறியும்: கடையநல்லூர் நெசவாளர் வரலாற்றின் வழியே ஓர் ஆய்வு

புதுப்பொறி ஒன்று தோன்றுங்கால், அது மக்களின் தொழிலை என்செய்யும் என்னும் வினாவும் உடன் தோன்றுகின்றது. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று எழும் வினாவும் அதுவே. இதனைப் பொறியியலார் ஒருவாறும் பொருளியலார் ஒருவாறும் ஆராய்வர். யாம் ஈண்டு வரலாற்று முறையால் ஆராயப் புகுகின்றோம். அதற்குத் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரைச் சான்றாகக் கொள்கின்றோம். தறியிலும் துறைமுகத்திலுமாகப் பொறியின் வரவை இருமுறை கண்ட மக்கள் இவ்வூரார். ஆதலின், அவர்தம் பட்டறிவு ஏனையோர்க்கும் பயன்படுவதாகும்.

1. தறியும் ஆலையும்

கடையநல்லூர் தென்காசிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதி நீர் பாயும் நிலத்தில் அமைந்துள்ளது. வயல் சூழ்ந்த ஊரேயாயினும், அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்களுள் பலர்க்குக் கைத்தறி நெசவே வழிவழி வந்த தொழிலாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி இந்நாட்டுச் சந்தைகளை நிரப்பியது. 1880களில் ஆர்வி நிறுவனத்தார் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையைக் கொண்டு நூற்பாலை அமைத்தனர். கடல் கடந்து வந்த பொறி, அதே மலைத்தொடரின் அடியிலேயே நிலைகொண்டது.

இம்மாற்றத்தால் கைத்தறி அழிந்ததா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமிய குமார் பாக்சி முதலியோர் பெருவீழ்ச்சியையே காண்கின்றனர். திர்த்தங்கர் ராய் முதலியோர், நெசவு பல இடங்களில் தன்னை மாற்றிக்கொண்டு நிலைத்தது என்பர். இருசாராரும் உடன்படும் செய்தி ஒன்று உண்டு. முதலில் வீழ்ந்தது நெசவன்று, கைந்நூற்பே. வீட்டுத் திண்ணையில் பெண்கள் நூற்ற நூலின் இடத்தை ஆலைநூல் கொண்டது. நெசவாளன் தறியில் இருந்தான். ஆயின், தன் நூலுக்கு ஆலையையும், ஆலைநூலை விற்கும் வணிகனையும் எதிர்நோக்குவான் ஆனான்.

இதிலிருந்து முதல் உண்மை ஒன்று பெறப்படுகின்றது. பொறி ஒரு தொழிலை முழுமையாகக் கவர்வதினும், அதன் ஒரு கூற்றைக் கவர்வதே பெரும்பான்மை. எஞ்சிய கூற்றைச் செய்வோர் வேலை இழவாராயினும், பொறியுடையாரைச் சார்ந்து வாழ்வோராகின்றனர். வேலையின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுவோர்க்கு இச்சார்பு புலப்படாது.

சார்பை நீக்க நெசவாளர் கண்ட வழி கூட்டுறவு ஆகும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் அதற்குச் சான்று. எனினும் தேய்வு நின்றிலது. கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2009–10-இல் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019–20-இல் 35.22 இலட்சமாயினர்.

2. சிங்கப்பூரும் துறைமுகமும்

தறி வாழ்வளியாத காலத்தில் கடையநல்லூரார் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். பிற இந்தியத் தொழிலாளர் பலர் தனியராய்ச் சென்றிருக்க, இவர்கள் குடும்பத்தோடு குடியேறினமை குறிப்பிடத்தக்கது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் துறைமுக வேலையும் சிறு வணிகமும் இவருள் பலர்க்கு வாழ்வாயின. 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் நிறுவப்பட்டது. அவ்வமைப்பு 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தோற்றுவித்தது. மூட்டை சுமந்தோரும் கடை வைத்தோரும் தம் மக்கட்குத் தேடிய முதற்செல்வம் சீறாப்புராணம் பாடிய புலவர் பெயரால் அமைந்த ஒரு பள்ளி என்பது எண்ணி மகிழத்தக்கது. மாக்ஸ்வெல் உணவங்காடி அமைந்துள்ள தெரு இன்றும் கடையநல்லூர்த் தெரு என்றே வழங்குகின்றது.

ஆண்டும் பொறி அவர்களைத் தொடர்ந்தது. 1972 ஜூன் 23-ஆம் நாள் முதற் கொள்கலக் கப்பல் தஞ்சோங் பகார் முனையத்தை அடைந்தது. தோள்கள் சுமந்த சரக்கைப் பாரந்தூக்கிகள் ஏற்றியிறக்கின. 2022-இல் முறையாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லா ஊர்திகளே கொள்கலங்களைச் சுமக்கின்றன. முதுகொடிக்கும் உழைப்பு நீங்கியது நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்நன்மையைத் துய்ப்பதற்கு அடுத்த தலைமுறைக்குக் கல்வி வேண்டியிருந்தது. துறைமுகத்தில் பொறி வருவதற்கு இருபத்தாறு ஆண்டுகட்கு முன்னரே பள்ளியை அமைத்தமையே அவர்தம் அறிவுடைமை. இஃது இரண்டாம் உண்மை.

3. மத்தளம்பாறையும் மூன்றாம் பொறியும்

இன்று பொறி மீண்டும் தென்காசிச் சீமைக்கே வந்துள்ளது. ஸோகோ நிறுவனம் 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் தன் அலுவலகத்தைத் தொடங்கிற்று. ஊரக இளைஞர் ஊரை விட்டு நீங்காமலே மென்பொருள் எழுதுதல் அங்குக் கைகூடிற்று. நூறாண்டுக்கு முன் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய மக்களின் நிலத்தில் இது பெருமாற்றமே. அந்நிறுவனம் 2025 ஜூலையில் சியா என்னும் தன் பெருமொழி மாதிரியை வெளியிட்டது.

தறிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு புதிதன்று. 1804-இல் ஜக்கார்டு தம் தறியில் துளையிட்ட அட்டைகளால் நூலிழைகளை ஆண்டார். அம்முறையையே பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்குக் கொண்டார். ஹாலரித்து 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் துளையட்டைகளைப் பயன்படுத்தினார்.

ஆயின் இம்மூன்றாம் பொறி முன்னிரண்டினும் ஒருவகையில் வேறுபட்டது. முன்னவை கையுழைப்பைக் கவர்ந்தன. இது எழுத்துழைப்பைக் கவர்கின்றது. 2024 சனவரியில் பன்னாட்டுப் பண நிதியம் வெளியிட்ட ஆய்வு, உலக வேலைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 செயற்கை நுண்ணறிவின் தாக்கத்திற்கு உட்படும் என்றது. வளர்ந்த நாடுகளில் அது 60, வறிய நாடுகளில் 26. ஆகவே, கல்வி கற்றுத் தப்புதல் என்னும் பழைய வழி முன்போல் உறுதி பயப்பதன்று. கடல் கடந்து தப்புதலும் அரிது. செல்வர் நாடுகளிலேயே தாக்கம் மிகுதியாக உள்ளது.

4. பஞ்சு யாருடையது?

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் பனுவலையும் ஒருங்கே குறிக்கும். நன்னூலின் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்திருத்தலை அறிஞர் அறிவர். அவ்வுருவகத்தின் ஒரு பாதியாகிய நூற்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலை கொண்டது. மறுபாதியை இன்று மொழிப்பொறி கொள்ள முற்படுகின்றது.

ஈண்டு ஒரு வேறுபாடு உளது. பாபநாச ஆலையும் பஞ்சை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. மொழிப்பொறியோ, மக்கள் எழுதிய எழுத்தையே பஞ்சாகக் கொண்டு இயங்குகின்றது. எழுதினோரைப் பெரும்பாலும் கேட்பதில்லை, விலை தருவதுமில்லை. பின்னர் அப்பஞ்சால் நூற்ற நூலை எழுதினோர்க்கே விற்கின்றது. நெசவாளன் ஆலைநூலுக்குக் காத்துநின்ற நிலை, எழுத்தாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும் வருதல் கூடும்.

இந்நிலைக்குத் தமிழ்த் துறைகள் அயலாராக இருத்தல் இயலாது. சுவடி, பேரகராதி, நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு ஆகிய பஞ்சுப் பொதிகள் பல்கலைக்கழகங்களின் காவலில் உள்ளன. அவற்றை எவர்க்கு, எம்முறையில், எக்கைம்மாற்றுக்கு வழங்குவது என்னும் விதிகளைக் காலத்தே வகுத்தல் வேண்டும். நெசவாளர் கூட்டுறவு கண்டதுபோல, சொல்லுடையோர்க்கும் ஒரு கூட்டுறவு வேண்டும் என்பது எம் துணிபு.

பொறியை எவரும் தடுத்து நிறுத்தியதாக வரலாறு காட்டவில்லை. பொறி வருமுன்னரே சங்கமும் பள்ளியும் அமைத்தவர் நிலைத்தனர் என்பதை மட்டும் கடையநல்லூர் வரலாறு காட்டுகின்றது.