மிளகாயும் ஒரு பொய் பட்டையும்

ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. இப்போ காப்பெல்லில் அண்ணன் வீட்டில் உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன். அண்ணி வத்தமிளகாய் வறுக்கிறாங்க. வீடே இருமுது, புகை அலாரம் வேற கத்துது. "மிளகாய் ஏண்டா எரியுது?"ன்னார் அண்ணன். என் தீசிஸே அதாண்ணே!

மிளகாய் நம்மூர்ச் சரக்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மூலமா வந்தது. அதுவரை நமக்குக் காரம்னா மிளகுதான். புதுசா வந்ததுக்கும் மிளகை வச்சே பேர் வச்சுட்டாங்க. அந்தப் பேர் அறிவியல்படியும் சரி! மிளகில் உள்ள பைப்பரினும் மிளகாயில் உள்ள கேப்சைசினும் தட்டுறது ஒரே கதவைத்தான்.

அந்தக் கதவைக் கண்டுபிடிச்சது 1997ல், சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம். மைக்கேல் கேட்டரினாவும் கூட்டாளிகளும் எலியோட உணர்வு நரம்பு மரபணுக்களைக் கூறு கூறாப் பிரிச்சு, காரமே தெரியாத செல்களுக்குள் விட்டு, மேலே கேப்சைசினை ஊத்தினாங்க. எந்தக் கூறு போட்ட செல்லில் கால்சியம் பாயுதோ அதை மறுபடி பிரிச்சு, சலிச்சு, கடைசியில் ஒரே மரபணு. அதோட புரதம்தான் இன்னிக்கு டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடு போனாலும் அதே கதவு திறக்கும். காரம் 'சுடுறது' அதனாலதான். 2021ல் ஜூலியஸுக்கு நோபல், ஆர்டெம் படபூட்டியனோட சேர்த்து.

சரி, இந்தப் புரதம் உடம்பில் எங்கெல்லாம் இருக்கு? அதுக்குத்தான் எதிர்ப்பொருள். புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி போட்டா, அதைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் முயல் ரத்தத்தில் உருவாகும். சிக்கல் என்னன்னா, அது சாயல் உள்ள வேற புரதத்தையும் பிடிச்சுக்கும். நல்ல பரீட்சை ஒண்ணு உண்டு: இந்த மரபணுவே இல்லாத எலி. 2000ல் அது வந்துடுச்சு. அந்தத் திசுவில் எதிர்ப்பொருள் வாயைத் திறக்கக் கூடாது.

ஆனா மூளையில் பல இடத்தில் டிஆர்பிவி1 இருக்குன்னு எதிர்ப்பொருளை நம்பிக் கட்டுரைகள் வந்தன. 2011ல் மரபணுவிலேயே அடையாளம் வச்ச எலிகளை வச்சுப் பார்த்தா, மூளையில் சில இடங்களில் மட்டும், அதுவும் கொஞ்சமாத்தான்.

இத்தனையும் படிச்சிருந்தும் அடியேன் மாட்டினேன். நாலு மாசமா வெஸ்டர்ன் ப்ளாட்டில் 95 கிலோடால்டன் பக்கத்தில் அழகா ஒரு பட்டை. எதிர்பார்த்த அதே எடை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், "நல்லாருக்குப்பா, அது என்ன?"ன்னாங்க. கைடு கேட்டது ஒண்ணே ஒண்ணு: மரபணு இல்லாத எலியில் பாத்தியா?

போன வாரம் பார்த்தேன். அதே இடத்தில் அதே பட்டை, பல்லைக் காட்டிச் சிரிக்குது. ஒரு அத்தியாயம் காலி.

அந்தக் கடைசிப் படத்தை மறைச்சா யாருக்கும் தெரியாதுதான். ராத்திரி அப்படியும் தோணுச்சு, பொய் சொல்லலை. ஆனா என் படத்தை நம்பி இன்னொரு பிள்ளை நாலு மாசம் தொலைக்குமே. அதனால் அத்தியாயத்தோட தலைப்பையே மாத்திட்டேன்: இந்த எதிர்ப்பொருளை ஏன் நம்பக் கூடாது.

சுடாததைச் சுடுதுன்னு சொல்ற ஏற்பியைத் தேடப் போய், இல்லாததை இருக்குன்னு சொல்ற எதிர்ப்பொருள்கிட்ட மாட்டினேன். ம்ம்... அண்ணி சாப்பிடக் கூப்பிடுறாங்க, வரட்டா?

பி.கு: உங்க ஆய்விலும் இப்படிப் பட்டை சிரிச்சிருந்தா பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. துணைக்கு ஆள் வேணும்!