மிச்சமிருக்கும் ஒரு பக்கம்

லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி, சதர்க் பக்கம் கொஞ்சம் நடந்தேன். ஒரு சந்துக்குள்ள ‘ஜார்ஜ் இன்’. குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய சத்திரம். 1676 தீயில் அழிந்து, அடுத்த வருஷமே மறுபடி எழுந்தது. அப்புறம் ரயில் வந்தது. குதிரை வண்டிகள் நின்றன. ரயில் கம்பெனியே இதை வாங்கி, ரெண்டு பக்கத்தை இடிச்சுது. மர மாடங்களோட மிச்சம் ஒரு பக்கம்தான். அதை 1937-இல் நேஷனல் டிரஸ்ட் ஏத்துக்கிச்சு.

நான் கேட்டது ரியல் ஏல். பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கும். கேஸ் ஏத்தாம கைப்பம்புல இழுத்து ஊத்துவாங்க. ஐஸ் மாதிரி சில்லுனு இருக்காது. கேஸ் ஏத்தின பீர் வந்ததும் இதுவும் மறைய ஆரம்பிச்சுது. 1971-இல் நாலு நண்பர்கள் தொடங்கிய ‘கேம்ரா’ இயக்கம் அதுக்காகப் போராடுச்சு.

கிளாஸோட முற்றத்துல நின்னு, இடிச்ச பக்கத்தையே பார்த்தேன். பழசு தானா தப்பிக்கறதில்ல, நண்பர்களே. யாராவது ‘போதும், நிறுத்து’ன்னு சொல்லணும்.