அஞ்சடி வழியே ஒரு வரலாற்றுப் பாடம்: மூவாரின் பழைய சீனக் கடைத்தெருவில் பிள்ளைகளோடு



சென்ற பள்ளி விடுமுறையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு, மூவார் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய சீனக் கடைத்தெருக்களில் ஒரு காலைப்பொழுது நடந்தேன். அனைவரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு பயில்பவர்கள். "சீனர் தெருவில் நமக்கு என்ன ஐயா இருக்கிறது?" என்று புறப்படும்போதே ஒரு சிறுவன் கேட்டான். இன்றைய பொழிவு அவனுக்கு நான் அன்று அரைகுறையாகச் சொன்ன விடையின் விரிவு என்று கொள்ளலாம்.

முதலில் ஊர்ப்பெயர். தமிழில் 'மூவார்' என்றால் மூப்படையாதவர் என்று பொருள்படும். மூவாமை என்னும் சொல்லை அறிந்த எவரும் இதை மறுக்கமாட்டார். ஆயினும் இவ்வூர்ப்பெயர் தமிழன்று. கழிமுகத்தைக் குறிக்கும் 'மூவாரா' என்ற மலாய்ச் சொல்லோடு இதனை இணைத்து விளக்குவோர் உண்டு. ஒலி ஒத்திருப்பதனாலேயே உறவு கற்பிக்கும் ஆசை நம்மவரிடம் சற்று மிகுதி. அதைப் பிள்ளைப் பருவத்திலேயே கட்டுப்படுத்துவது நலம்.

1887இல் சுல்தான் அபு பாக்கார் இந்நகருக்குப் 'பண்டார் மகாராணி' என்று பெயரிட்டார். பண்டார் பாரசீகம் வழி வந்த சொல், மகாராணி வடசொல். சீனர்களோ இதனை 'மா போ' என்றனர். 'மா' என்பது மூவாரின் முதலொலிக்காக எடுத்துக்கொண்ட எழுத்து. 'போ' என்பதற்குச் சரிவான நிலம் என்று பொருள். சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகியவற்றின் சீனப் பெயர்களும் இதே 'போ' என்னும் எழுத்தில்தான் முடிகின்றன. இந்நாட்டுச் சீனர் வாயில் அது நகரம் என்ற பொருளையே பெற்றுவிட்டது. இத்தனை மொழிகள் ஒரு சிற்றூரின் பெயரில் ஏறி அமர்ந்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர்.

சீனர் இங்கு வந்த கதை பாடநூலில் சுருக்கமாக உள்ளது. ஜொகூரின் ஆற்றோரக் காடுகளைத் திருத்திக் காம்பீரும் மிளகும் பயிரிட ஆட்சியாளர் சீனர்க்கு உரிமைச் சீட்டு வழங்கினர். காம்பீர் என்பது நம் பாட்டிமார் வெற்றிலையோடு சேர்த்துக்கொள்ளும் காசுக்கட்டியின் உறவுப்பொருள். அவ்வுரிமை பெற்றவர் 'காங்சூ', அதாவது ஆற்றுத்துறைத் தலைவர். அம்முறை 1917இல் நீக்கப்பட்டது. அதற்குள் ரப்பரின் காலம் வந்துவிட்டது. இன்று நாம் காணும் கடைவீடுகள் பல அந்த ரப்பர்ப் பணத்தால் எழுந்தவை.

மூவார்ச் சீனருள் ஹொக்கியன் பேசுவோர் மிகுதி. அவருள்ளும் 'எங் சூன்' என்னும் மாவட்டத்திலிருந்து வந்தோர் குறிப்பிடத்தக்கவர். அவர்களின் ஊர்ச்சங்கம் இங்கே பழைமையானது. எங் சூன் என்பதற்கு நிலைத்த இளவேனில் என்று பொருள். நிலைத்த இளவேனிலிலிருந்து புறப்பட்டவர்கள் மூவாதவர் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள் என்று நான் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தற்செயல்தான், வரலாறு அன்று. எனினும் இரு பெயர்களையும் அவர்கள் இனி மறக்கமாட்டார்கள்.

தற்செயல் அல்லாத ஒன்றையும் சொன்னேன். எங் சூன் இன்று சுவான்சோ நகர ஆட்சிப்பகுதிக்குள் அடங்கியது. அந்தச் சுவான்சோத் துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள்; அதாவது கி.பி. 1281. அங்கு எழுந்த ஒரு சிவன் கோயிலைப் பற்றியது அது. இலங்கையின் காலித் துறையில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டோ சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடையது. மூவாரின் சீனர் தெருவில் நிற்கும் தமிழ்ச் சிறுவன், தன் முன்னோர்க்கு முன்பே அறிமுகமான ஒரு மக்களின் வாயிலில் நிற்கிறான்.

தெருப்பெயர்களுக்கு வருவோம். ஜாலான் அப்துல்லாவைச் சீனர் 'இரண்டாம் மாலூ' என்பர். ஜாலான் மெரியாம் 'மூன்றாம் மாலூ'. 'மாலூ' என்பதன் நேர்ப்பொருள் குதிரைச் சாலை. 'மெரியாம்' யாரோ ஓர் அம்மையாரின் பெயர் என்று எண்ணியிருந்த மாணவிக்கு, அது மலாயில் பீரங்கி என்று அறிந்தபோது சற்று ஏமாற்றமே. ஆட்சியாளரின் பலகை ஒன்று சொல்ல, தெருவில் வாழ்வோர் வேறொன்று வழங்குவது எல்லா ஊர்களிலும் உள்ளதே. சிங்கப்பூரில் மலாய்க்காரரும் சீனரும் ஒரே இடத்தைத் தத்தம் மொழியில் 'வண்டித் தண்ணீர்' என்ற பொருள்படவே அழைத்தனர். குழாய்நீர் வருமுன் அங்கு நீர் எப்படி வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கடைவரிசையில் நுழைந்ததும் ஒரு சிறுவன் பெயர்ப்பலகையை உரக்கப் படித்தான்: "கெடாய் கோப்பி." கெடாய் நம் 'கடை'யே என்றேன். சீனர் நடத்தும் கடையின் நெற்றியில் தமிழ்ச் சொல்! அவ்வளவுதான், பன்னிருவரும் வேட்டையில் இறங்கிவிட்டனர். பெட்டி 'பெத்தி' ஆனது. கட்டில் 'காத்தில்' ஆனது. கப்பல் 'காப்பால்' ஆனது. "தவுக்கேயும் தமிழா?" என்றான் முதலில் கேள்வி கேட்ட சிறுவன். இல்லை, அது ஹொக்கியன், நேர்ப்பொருளில் 'தலைவீடு', முதலாளி என்று பொருள். நம் தோட்டத்து முதியோர் அதனை எடுத்து ஆண்டனர். சர்க்கரையைச் 'சீனி' என்கிறோமே, அது சீன நாட்டின் பெயரால் வந்தது என்று சேர்த்துச் சொன்னேன். கொடுத்ததை மட்டும் எண்ணி, கொண்டதை மறைக்கும் பாடம் எனக்கு உடன்பாடில்லை.

இனி, கடைகளின் முன்னே தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழி. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு அளித்த ஆணையில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எப்போதும் திறந்திருக்கும் தாழ்வாரம் வேண்டும் என்றார். அவ்வமைப்பு பின்னர் மலாயாவின் நகரங்களுக்கும் பரவியது. மலாய்க்காரர் அதைக் 'காக்கி லீமா' என்றனர். ஹொக்கியன் பேசுவோர் ஐந்து என்பதற்குத் தம் சொல்லை வைத்துக்கொண்டு, அளவுச் சொல்லை மலாயிலிருந்து ஏற்று, 'கோ கா கி' என்றனர். தமிழரோ முழுவதையும் தம் மொழியாக்கி 'அஞ்சடி' என்றனர். காக்கி, அடி என்னும் இரண்டும் காலையும் குறிக்கும், அளவையும் குறிக்கும். ஒரே தூண்வரிசையின் கீழ் ஒதுங்கியவர்கள் ஒரே எண்ணத்தை மூன்று வாய்களால் சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிருவரில் ஒருவருக்கும் 'அஞ்சடி' தெரியவில்லை. "நடைபாதை என்றுதான் எழுத வேண்டும்; ஆசிரியர் திருத்துவார்" என்றாள் ஒருத்தி. நான் வெட்கமுற்றது அப்போதுதான். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கட்டுரையில் இச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'நடைபாதை' என்று எழுதியவன் நானே. பேச்சுவழக்கு என்று தள்ளினேன். இந்நாட்டுத் தெருவில், இந்நாட்டுத் தமிழர் ஆக்கிய ஒரு சொல்லை, இந்நாட்டில் பிறந்த தமிழாசிரியன் அழித்தேன். நடைபாதை எந்த ஊரிலும் இருக்கும். அஞ்சடி என்பது இக்கடைவீடுகளுக்கே உரியது.

அச்சொல்லை வழங்கியவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். கடனுக்குப் பணம் கொடுத்த நகரத்தாரும், மூட்டை சுமந்தோரும், பால் விற்றோரும் அத்தூண்களிடையே அன்றாடம் நடந்தவர்கள். நகரத்தாரின் 'கிட்டங்கி'யும் சீன வணிகரின் சரக்கு கிடந்த 'கூடாங்'கும் கிடங்கு என்னும் ஒரே வேரில் கிளைத்தவை.

நடையின் முடிவில் ஒரு கோப்பிக் கடையில் அமர்ந்தோம். கடைக்காரப் பெரியவரிடம், வாசலைச் சுட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று ஒரு மாணவி மலாயில் கேட்டாள். "கோ கா கி" என்றார். அவள் தமிழில் "அஞ்சடி" என்றாள். அவர் இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். அவள் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இத்தகைய நடையை மேற்கொள்ள விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: காலையிலேயே செல்லுங்கள். வெயில் ஏறினால் பிள்ளைகள் அஞ்சடியை விட்டு வெளியே வர மறுப்பார்கள். கட்டட முகப்பிலுள்ள ஆண்டுகளைத் தெருவின் எதிர்ப்புறம் நின்றால்தான் படிக்க முடியும்.